மலைக்காற்றும் மோட்டார்ச் சிறகும்

கொடைக்கானலின் தென்விளிம்பில் கோக்கர்ஸ் நடை என்னும் பாதை உள்ளது. தெளிந்த நாளொன்றில் காலையில் அங்கே நின்று நோக்கினால், பெரியகுளத்துச் சமவெளி தீட்டிவைத்த ஓவியம்போலக் கீழே விரிந்து கிடக்கும். நண்பகல் நெருங்கும்போது அதே பள்ளத்திலிருந்து வெண்முகில் எழுந்து வந்து பாதையையே மூடிவிடுவதும் உண்டு. இடைப்பட்ட சில மணி நேரத்தில் காற்றுக்கு என்ன நேர்ந்தது? இவ்வினாவுக்கு விடையறிந்த பின்னரே பழனி மலைகளில் பறப்பதைப் பற்றி ஒருவன் எண்ண வேண்டும்.

இங்கே பறப்பது என்று நாம் குறிப்பது விமானத்தில் அமர்ந்து செல்வதை அன்று. பாராமோட்டார் என்னும் எளிய கருவியைக் கொண்டு பறப்பதையே. பாராசூட்டைப் போன்ற துணிச்சிறகு ஒன்று. அதன் முன்விளிம்பில் திறந்த வாய்கள் பல. ஓடும்போது அவ்வாய்களின் வழியே காற்றுப் புகுந்து சிறகை விறைப்பாக்குகிறது. பறப்பவர் நூற்கயிறுகளால் அதனோடு பிணைந்து தொங்குகிறார். அவர் முதுகில் சுமார் 20 முதல் 35 கிலோ எடையுள்ள சிறு மோட்டாரும் அதனோடு சுழலும் விசிறியும் இருக்கும். 1978-இல் பிரான்சு நாட்டின் மியூசி என்னும் ஊரில், பாராசூட் வீரர்கள் சிலர் மலைச்சரிவிலிருந்து ஓடிப் பறக்கத் தொடங்கினர். 1980-இல் ஆங்கிலேயரான மைக் பைர்ன் அத்தகைய சிறகுடன் மோட்டாரை இணைத்துப் பறந்தார்.

மோட்டார் இருப்பதால் காற்றை வென்றுவிடலாம் என்று பலர் எண்ணுவர். அது பிழையான எண்ணம். இக்கருவியில் மோட்டார் தருவது பெரும்பாலும் உயரத்தையே, வேகத்தை அன்று. விசையைக் கூட்டினால் சிறகு மேலேறும், குறைத்தால் கீழிறங்கும். முன்செல்லும் வேகமோ சிறகின் அமைப்பினாலேயே ஏறத்தாழ வரையறுக்கப்பட்டுவிடுகிறது. சாதாரணச் சிறகொன்றின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் எனக் கொள்வோம். எதிர்க்காற்றும் 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், மோட்டார் எவ்வளவு முழங்கினும் அவர் தரைக்கு நேராக ஓரிடத்திலேயே நிற்பார். காற்று 45 கிலோமீட்டரானால் பின்னோக்கியே செல்வார். பின்னால் இருப்பது சமவெளியாயின் இடர் சிறிது; மலைமுகடாயின் பெரிது.

இனி, அம்மலையின் இயல்பைக் காண்போம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி நீண்ட கிளையே பழனி மலைத்தொடர். இதன் உயர்ந்த முடியான வந்தரவு 2,533 மீட்டர் உயரமுடையது. கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 81 விழுக்காடுதான். அதனால் சிறகு தூக்கும் விசையைப் பெற ஏறத்தாழ 11 விழுக்காடு கூடுதல் வேகத்தில் ஓடவேண்டும். மோட்டாரின் ஆற்றலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குன்றும். பெரியகுளத்து வயல்வெளியில் எளிதாக எழும்பியவர், மலைமேல் அதே ஓட்டத்தில் எழும்ப இயலாமல் தடுமாறுவது இதனாலேயே.

இரவில் மலைச்சரிவுகள் குளிர்கின்றன. அவற்றைத் தொட்ட காற்று கனத்துப் பள்ளத்தாக்குகளுக்கு வழிந்திறங்குகிறது. விடியற்காலையில் இவ்வோட்டம் ஓய்ந்து, காற்று பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஞாயிறு ஏறியதும், முதலில் வெயில் படும் கிழக்குச் சரிவுகள் சூடேறுகின்றன. சூடான காற்று சரிவின்வழியே மேலேறுகிறது. மேலேறும் காற்று குளிர்ந்து, அதன் ஈரம் முகிலாகிறது. கோக்கர்ஸ் நடையை மூடும் முகிலின் பிறப்பு இதுவே. கொடைக்கானல் சூரிய ஆராய்ச்சிக்கூடத்தை நீங்கள் அறிவீர்கள். 1899-இல் நிறுவப்பட்ட அந்நிலையத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகின்றனர். அவர்களும் காலை வேளையையே விரும்புவர். நிலம் சூடேறியபின் எழும் காற்றலைவு சூரியனின் பிம்பத்தை நடுங்கச் செய்துவிடும். பிம்பத்தை நடுங்கவைக்கும் அதே அலைவுதான் துணிச்சிறகையும் ஆட்டுவிக்கிறது.

மலைமுகட்டின் மறுபுறம் இதனினும் கொடிது. ஓடை நீரில் பாறையொன்று நிற்குமாயின், அதன் பின்புறம் சுழி உண்டாவதைக் காண்கிறோம். காற்றும் அவ்வாறே. ஆடித் திங்களில் மேல்காற்று வலுத்து வீசும்போது, முகட்டின் கிழக்குப் புறத்தில் கண்ணுக்குப் புலனாகாத சுழல்கள் புரளும். மேலிருந்து காற்று மோதினால் சிறகின் முன்விளிம்பு மடிந்து சுருங்கும். தேனிப் பகுதியில் காற்றாலைகள் நிரையாக நிற்பதே, கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வரும் காற்றின் வலிமைக்குச் சான்று.

சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழை வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. இடிமேகத்தின் விசை எத்தகையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லா என்னும் ஊரருகே, மோட்டாரில்லாச் சிறகில் பறந்த ஜெர்மானிய வீராங்கனை ஏவா விஸ்னியெர்ஸ்காவை இடிமேகமொன்று 9,946 மீட்டர் உயரம்வரை இழுத்துச் சென்றது. அவர் நினைவிழந்து, பனிக்கட்டி படிந்த நிலையிலும் உயிர் தப்பினார். அம்மேகத்தில் அகப்பட்ட மற்றொருவர் உயிரிழந்தார்.

பறப்பதைப் போலவே இறங்குவதையும் எண்ணவேண்டும். மோட்டார் நின்றால் சிறகு கல்லென விழாது; ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஆறேழு மீட்டர் முன்னே செல்லும். ஆகவே 300 மீட்டர் உயரத்தில் இருப்பவர் சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் வெட்டவெளி ஒன்றைக் கண்டாக வேண்டும். அடிவாரத்தில் தரிசு நிலங்கள் உண்டு; ஆயினும் தென்னந்தோப்பும் மின்கம்பியும் ஊடே நிற்கும். பேரிஜம் ஏரியைச் சூழ்ந்த சோலைக்காட்டிலோ மரமுடிகளன்றி வேறில்லை. மேலும், இம்மலையின் ஒரு பகுதி 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டெருமைகள் மேயும் காட்டின்மேல் மோட்டாரை முழக்கிச் செல்வது முறையாகாது. விமானத் துறையின் விதிகளும் வனத்துறையின் ஆணையும் பறப்பவனைக் கட்டுப்படுத்துவன.

மாணவர்களே, பறக்காவிடினும் நீங்கள் இக்கலையின் முதற்பாடத்தைக் கற்கலாம். கொடைக்கானலுக்குச் சென்றால், முகில் எந்தச் சரிவில் முதலில் பிறக்கிறது, புகை எத்திசையில் சாய்கிறது, எந்நேரத்தில் காற்றுத் திரும்புகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். பத்து நாள் எழுதினால் மலை தன் வழக்கத்தைச் சொல்லத் தொடங்கும். அதைக் கேட்டு, "இன்று வேண்டாம்" என்று சிறகை மடித்து வைக்கத் தெரிந்தவனே தேர்ந்த பறப்பாளன்.