ஒரே காட்சி, மூன்று காரணங்கள்

கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் நிகழ்ச்சிகளுக்குக் காரணமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணுவது நம் இயல்பு. அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, அடுக்களையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே உங்களுடன் ஆராய விரும்புகிறேன்.

1963-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எட்வர்ட் கிரேவன் வாக்கர் என்பவர் விந்தையான விளக்கொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். கண்ணாடிக் குப்பிக்குள் வண்ண மெழுகு உருண்டு திரண்டு மேலே எழும், பின்பு மெல்லத் தாழ்ந்து அடியை அடையும், மீண்டும் எழும். எரிமலைக் குழம்பை நினைவூட்டுவதால் இதனை லாவா விளக்கு என்பர். இதே காட்சியை வீட்டிலும் உண்டாக்கலாம். விடுமுறை நாளொன்றில் என் தமையனாரின் குழந்தைகள் இருவரோடு அமர்ந்து அதனைச் செய்தேன்.

அகன்ற வாயுள்ள கண்ணாடித் தம்ளர் ஒன்றின் அடியில் இரண்டு கரண்டி சமையற்சோடாவைப் பரப்பினோம். அதன்மேல், முக்கால் பங்கு நிரம்பும்வரை கடலை எண்ணெயை மெதுவாக ஊற்றினோம். எலுமிச்சைச் சாற்றில் சிறிது பீட்ரூட் சாற்றைக் கலந்து, சொட்டுச் சொட்டாக எண்ணெயில் விட்டோம். செந்நிறத் துளிகள் முத்துக்கள்போல் கீழே இறங்கின, அடியைத் தொட்டதும் பொங்கின, சற்றைக்கெல்லாம் மேலே ஏறின, மறுபடியும் இறங்கின.

"எண்ணெய் கெட்டியாயிற்றே, சித்தப்பா! தண்ணீர்த் துளி எப்படி அதற்குள் இறங்குகிறது?" என்று சிறுமி கேட்டாள். நல்ல கேள்வி. கெட்டியாக இருப்பது வேறு, கனமாக இருப்பது வேறு. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறத்தாழ 1000 கிராம். ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடையோ சுமார் 915 கிராம்தான். எளிதில் ஒழுகாத விளக்கெண்ணெய்கூடத் தண்ணீரின்மேல் மிதப்பதைக் காணலாம். ஒழுகத் தயங்கும் தன்மைக்குப் பாகுநிலை என்று பெயர். ஒரே பருமனில் அடங்கும் எடையை அடர்த்தி என்கிறோம். மிதப்பதையும் அமிழ்வதையும் முடிவு செய்வது அடர்த்தியே.

அவ்வாறாயின், இறங்கிய துளி ஏன் ஏறுகிறது? எலுமிச்சையிலுள்ள அமிலம் சோடாவுடன் சேரும்போது கரியமிலவாயு வெளிப்படுகிறது. வாயுக்குமிழிகள் துளியைப் பற்றிக்கொள்கின்றன. துளியும் குமிழியும் சேர்ந்த பொருளின் அடர்த்தி எண்ணெயின் அடர்த்தியைவிடக் குறைந்துவிடுவதால், எண்ணெய் அதனை மேலே தள்ளுகிறது. மேற்பரப்பில் குமிழி உடைந்து வாயு வெளியேறுகிறது. தனித்துவிட்ட துளி மீண்டும் அமிழ்கிறது. அமிலமோ சோடாவோ தீர்ந்ததும் ஆட்டம் ஓய்ந்துவிடும்.

அடுத்து வேறொரு தம்ளரில் தண்ணீர் நிரப்பி, அதன்மேல் ஒரு விரற்கடை உயரம் எண்ணெய் விட்டுத் தூளுப்பைத் தூவினோம். இங்கும் உருண்டைகள் இறங்கி ஏறின. "இங்கேயும் வாயுதான் தூக்குகிறது" என்றான் சிறுவன். "குமிழி பொங்குகிறதா, பார்" என்றேன். குமிழி பொங்கவில்லை. உற்றுநோக்கியபோது, பயணம் செய்வது தண்ணீரன்று, எண்ணெய் என்பதை அவனே கண்டுகொண்டான். உப்பு தண்ணீரைவிட இருமடங்குக்கு மேல் அடர்த்தியானது. எண்ணெயில் அது கரைவதில்லை. ஆகவே தன்மேல் ஒட்டிய எண்ணெயையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. தண்ணீரில் உப்பு கரைந்ததும் பிடி தளர்ந்து, எண்ணெய் தன் இடத்திற்குத் திரும்புகிறது.

கடையில் விற்கும் விளக்கிலோ வாயுவும் இல்லை, உப்பும் இல்லை. அடியிலுள்ள மின்விளக்கின் வெப்பத்தால் மெழுகு உருகி விரிகிறது. சுற்றியுள்ள திரவத்தைவிட அடர்த்தி குறைந்து எழுகிறது. மேலே குளிர்ந்து சுருங்கித் தாழ்கிறது. எப்பொருளும் தீர்ந்துபோவதில்லை. வெப்பம் உள்ளவரை ஆட்டமும் உண்டு.

இவ்வேறுபாட்டை அறிவது வெறும் புலமைக்காக அன்று. வாயு பிறக்கும் முதற் பாத்திரத்தை இறுக மூடினால் உள்ளே அழுத்தம் பெருகும். ஆதலால் அதனை எப்போதும் திறந்தே வைக்கவேண்டும். வெப்பத்தால் இயங்கும் விளக்கை அடுப்பில் ஏற்றுவதோ பேராபத்து. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அவ்வாறு செய்த இளைஞர் ஒருவர், குப்பி வெடித்து உயிரிழந்தார். மின்விளக்கின் இளஞ்சூட்டிற்கென அமைந்த மூடிய குப்பி, அடுப்பின் கடுஞ்சூட்டைத் தாங்காது.

மாணவ மாணவியரே, இத்தகைய காட்சியைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நகர்வது எது? அதன் அடர்த்தியை மாற்றுவது எது? எது நின்றால் ஆட்டம் நிற்கும்? இம்மூன்றிற்கும் விடை கண்ட பிறகே காரணத்தைக் கூறுங்கள். உப்புக்குப் பதிலாக, தண்ணீரில் கரையாத நுண்மணலைத் தூவினால் என்ன நிகழும்? முதலில் உங்கள் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிறகு செய்து பாருங்கள்.