இரத்தம் எவ்வளவு கெட்டி? ஒளியே சொல்லும்



தீபாவளிப் பலகாரத்துக்குப் பாகு காய்ச்சும்போது, கம்பி இழுக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறோம். இந்தக் கெட்டித் தன்மைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் பாகுநிலை. நம் இரத்தத்துக்கும் அது உண்டு. தண்ணீரைப் போல நாலைந்து மடங்கு கெட்டி. அது கூடினால் இருதயத்துக்கு வேலை கூடும்.

இதை அளப்பது எப்படி? மெல்லிய குழாயில் ஓடவிட்டு, இறங்கும் நேரத்தைக் கணக்கெடுப்பது பழைய வழி. புதிய வழியில் ஒளியே அளவுகோல்.

அந்தக் காலத்தில் தோட்டத்து டிரெசர் மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கசப்பை யார் மறப்பார்! அது கரைந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். இப்படி ஒளிரும் மூலக்கூறுகளில் வேறொரு வகை உண்டு. ஒளி பட்டதும் அதன் ஒரு பக்கம் முறுக்கித் திரும்பும். நீர்த்த திரவத்தில் தாராளமாகத் திரும்பி, வாங்கிய சக்தியை அதிலேயே செலவழித்துவிடும், வெளிச்சம் மங்கல்தான். கெட்டித் திரவத்தில் திரும்ப முடியாது. சக்தி வெளிச்சமாக வரும். பிரகாசம் கூடக் கூடக் கெட்டியும் கூடுதல். இதற்கான கணக்கை 1971ல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்டரும் ஹோஃப்மனும் எழுதினார்கள். 2002ல் ஹைடெக்கர் குழுவினர் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை இவ்வழியில் அளந்து காட்டினார்கள்.

இது ஆராய்ச்சிக்கூடத்துச் சங்கதி. இரத்தக் கெட்டி நம் வீட்டுக் கதவைத் தட்டுவது டிங்கிக் காய்ச்சலில். சிலிபின் பக்கம் ரப்பர் மரம் போய்த் தாமான் வந்தாலும் கொசு போகவில்லையே! டிங்கியில் பிளாஸ்மா இரத்தக் குழாயிலிருந்து வெளியே கசியும், சிவப்பணுக்கள் உள்ளே நெருக்கியடிக்கும், இரத்தம் கெட்டியாகும். ஆஸ்பத்திரியில் இதற்கு ஒளிரும் மருந்து தேவையில்லை. சிவப்பணுக்களின் பங்கை அளக்கிறார்கள். நோயாளியின் வழக்கமான அளவைவிட அது 20 விழுக்காடு ஏறினால் கசிவு என்று அர்த்தம். அதனால்தான் மிஸி திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார். "நேத்துதானே எடுத்தீங்க, இன்னைக்கும் எதுக்கு?" என்று அவரிடம் கோபப்படாதீர்கள்.

கசிவு பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில், 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில் வரும். "காய்ச்சல் விட்டுடுச்சு, வேலைக்குப் போறேன்" என்று நம் ஆட்கள் கிளம்புவதும் அதே நாளில்தான். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், எழ முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆஸ்பிரின், புருஃபென் மாத்திரைகள் வேண்டாம்; காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில்.