தகவல் தொழில்நுட்பத்தில் தனித்துறைத் தேர்வு: பெங்களூரு தரும் பாடம்

கணிப்பொறிக் கல்வி பயிலும் மாணவர் முன் இன்று பல பாதைகள் விரிந்துள்ளன. மென்பொருள் உருவாக்கம், தரவுப் பகுப்பாய்வு, கணிப்பொறிப் பாதுகாப்பு, சில்லு வடிவமைப்பு, செயற்கை நுண்ணறிவு எனத் துறைகள் பலவாகும். இவற்றுள் எதனைத் தேர்வது என்னும் வினாவிற்குப் பெங்களூரு நகரின் வரலாறு பயனுள்ள விடையை அளிக்கிறது.

அடித்தளம்

இந்நகரின் வளர்ச்சி மென்பொருளோடு தொடங்கியதன்று. 1909-இல் இந்திய அறிவியல் கழகம் நிறுவப்பெற்றது. விடுதலைக்குப் பின் இந்தியத் தொலைபேசித் தொழிலகமும் (1948), பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் (1954) இங்குத் தோன்றின. இவற்றால் மின்னணுவியல் அறிந்த பொறியாளர் தலைமுறையொன்று உருவாயிற்று. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் இங்கு வடிவமைப்பு மையம் அமைத்து, செயற்கைக்கோள் வழியே அயல்நாட்டுடன் தரவுப் பரிமாற்றம் நடத்தியபோது, அத்தகைய திறனாளர்களின் தேவை பெருகிற்று. அடிப்படைக் கல்வியே புதிய வாய்ப்பிற்கு வழிகோலியது எனலாம்.

ஏற்றமும் இறக்கமும்

பழைய நிரல்களில் ஆண்டு இரண்டு இலக்கங்களாகவே பதியப்பட்டிருந்தமையால், 2000-ஆம் ஆண்டு பிறக்குமுன் அவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. அவற்றுள் பல கோபோல் மொழியில் அமைந்தவை. அம்மொழி அறிந்தோருக்குப் பெருங்கிராக்கி எழுந்தது. திருத்தப்பணி முடிந்ததும் அத்தேவை சுருங்கியது. 2001-இல் அமெரிக்கப் பொருளாதாரத் தேக்கமும் சேர்ந்துகொண்டது. ஒரு மொழியை மட்டும் கற்றவருக்கு அது சோதனைக்காலம். தரவுத்தள அமைப்பையும் வங்கிக் கணக்கு நடைமுறையையும் உடன் அறிந்தவர், அவ்வறிவை வேறு பணியிலும் பயன்படுத்த இயலும். 2022-க்குப் பின் நிரல் வரைவையே எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவியுள்ள நிலையில், இப்பாடம் மேலும் பொருத்தமுடையதாகிறது.

தேர்வு முறை

மாணவர் மூன்று செய்திகளைக் கருத்திற்கொள்ளுதல் நன்று. முதலாவது, தரவுக் கட்டமைப்பு, இயக்க முறைமை, வலையமைப்பு, புள்ளியியல் ஆகியன எத்துறைக்கும் பொதுவானவை. இவற்றைக் கற்றபின் தனித்துறையை நாடலாம். இரண்டாவது, இயல்பான ஈடுபாடு. கணிதத்தில் நாட்டமுடையோர்க்குத் தரவுப் பகுப்பாய்வும், குறைகளைப் பொறுமையுடன் தேடுவோர்க்குப் பாதுகாப்புத் துறையும், மின்சுற்றுகளில் ஆர்வமுடையோர்க்குச் சில்லு வடிவமைப்பும் ஏற்றவை. சிறு செயல்திட்டம் ஒன்றைத் தாமே செய்து பார்த்தால் ஈடுபாட்டின் ஆழம் விளங்கும். மூன்றாவது, வங்கி, மருத்துவம், வேளாண்மை போன்ற ஒரு பயன்பாட்டுத் துறையின் அறிவு. உழவரின் தேவையை அறியாதவர் உழவர்க்கான மென்பொருளைச் செம்மையாக வடிக்க இயலாது.

அதிகக் கட்டணம் பெற்று, வேலை உறுதி என்று விளம்பரம் செய்யும் குறுகியகாலப் பயிற்சிகளில் சேருமுன் எச்சரிக்கை தேவை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ்த் தேர்விற்கு மட்டுமே கட்டணம் உண்டு. சிற்றூர் மாணவரிடம் இச்செய்தியைக் கொண்டுசேர்ப்பது கல்வி, வேலைவாய்ப்பு அலுவலர்களின் கடமையாகும்.

கருவிகள் மாறும், அடிப்படை நிலைக்கும். அதனைக் கைக்கொண்டவர்க்குத் துறை மாற்றம் அச்சம் தராது.