திரைவாசிப்பானின் தமிழ்க் குரல்

பார்வையற்றோரும் குறைபார்வை உடையோரும் கணினியைக் காதால் கேட்டுப் பயன்படுத்த உதவும் மென்பொருள் திரைவாசிப்பான் ஆகும். மாணவரிடையே ஸ்கிரீன் ரீடர் என்ற பெயரே அதிகம் வழங்குகிறது. லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் திரைவாசிப்பான் ஓர்க்கா. இது 2006-இல் க்னோம் 2.16 பதிப்புடன் சேர்க்கப்பட்டது. இதற்குக் கட்டணம் இல்லை. விலைக்கு விற்கப்படும் திரைவாசிப்பான்கள் பல குடும்பங்களின் கைக்கு எட்டாதவை என்பதால், இது சாதாரணச் செய்தி அன்று. ஆனால் இலவசமாகக் கிடைத்த கருவி தெளிவாகப் பேசாவிட்டால் மாணவர் மீண்டும் பிறர் வாசித்துக் காட்டுவதையே நம்பியிருக்க வேண்டியதாகும்.

ஒலி வரும் வழி

ஓர்க்கா தானே பேசுவதில்லை. திரையில் உள்ள பொத்தான், பட்டியல், பத்தி ஆகியவற்றின் எழுத்துகளைத் திரட்டி ஸ்பீச் டிஸ்பேச்சர் என்னும் இடைநிலை மென்பொருளிடம் கொடுக்கிறது. அது எதை முதலில் பேசுவது, எதை நிறுத்துவது என முடிவு செய்து, எழுத்தை ஒலியாக்கும் பேச்சொலியாக்கிக்கு அனுப்புகிறது. பிறந்த ஒலி பல்ஸ் ஆடியோ அல்லது பைப்வயர் வழியாக ஒலி அட்டையை அடைந்து, ஒலிபெருக்கிக்கோ காதணிக்கோ செல்கிறது. இத்தனை கைகள் மாறுவதால், குறை எங்கே என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

அடிக்கடி காணப்படும் குறை, பேச்சின் முதல் அசை விழுங்கப்படுவது. மின்சாரத்தைச் சேமிக்க, சில நொடிகள் ஒலி இல்லாவிட்டால் கணினி ஒலி அட்டையை உறங்கவைக்கிறது. பல்ஸ் ஆடியோவில் வழக்கமான கால அளவு 5 நொடி. பாட்டுக் கேட்பவருக்கு இதனால் இழப்பில்லை. ஆனால் திரைவாசிப்பான் ஒரு சொல் பேசி, நிறுத்தி, பின் மறுசொல் பேசுகிறது. அட்டை விழிப்பதற்குள் சொல்லின் தலை போய்விடும். ‘அநியாயம்’ என்பது ‘நியாயம்’ என்று காதில் விழும். ‘அநீதி’ ‘நீதி’ ஆகும். கண்ணால் சரிபார்க்க இயலாத மாணவர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். ஒலிச் சேவையகத்தின் உறக்க நேரத்தை நீக்கி, ஒலி அட்டையின் மின்சேமிப்பையும் நிறுத்தினால் இக்குறை பெரும்பாலும் தீர்கிறது. மின்கலம் சற்று முன்னதாகத் தீரலாம். பொருள் மாறுவதைவிட அது தேவலை.

இன்னொன்று தாமதம். விசையை அழுத்தியதும் குரல் வர வேண்டும். மறுவிசையை அழுத்தியதும் பழைய பேச்சு நிற்க வேண்டும். ஒலித் துண்டுகளைச் சேர்த்துவைக்கும் இடையகம் பெரிதாக இருந்தால் நிறுத்திய பின்னும் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். புளூடூத் காதணி இத்தாமதத்தை இன்னும் கூட்டும். ஒரு காதில் ஆசிரியரையும் மறு காதில் கணினியையும் கேட்கும் மாணவருக்குக் கம்பி உள்ள காதணியே நல்லது.

தமிழ்க் குரல்கள்

ஜோனதன் டடிங்டன் உருவாக்கிய இ-ஸ்பீக், 2015 முதல் இ-ஸ்பீக் என்.ஜி. என்ற பெயரில் தொடர்கிறது. இதில் தமிழும் உண்டு. மனிதக் குரலைப் பதிந்து ஒட்டாமல், ஒலியலைகளைக் கணக்கிட்டே பேச்சை உருவாக்குவதால் சில மெகாபைட் அளவில் பல மொழிகள் அடங்குகின்றன. குரல் இயந்திரத்தனமானது. ஆனால் உடனே பேசும்; இயல்பாக நிமிடத்துக்கு 175 சொற்கள், தேவைப்பட்டால் 450 வரை. பழகிய காதுகள் அவ்வேகத்தையே விரும்புகின்றன.

இயல்பான குரலுக்கான முயற்சி சென்னையிலேயே நடந்தது. அடையாறை ஒட்டிய ஐ.ஐ.டி. மெட்ராஸின் கணினி அறிவியல் துறையில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில், பல கல்வி நிறுவனங்கள் கூடி இந்திய மொழிகளுக்கான பேச்சொலியாக்கிகளை உருவாக்கின. மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை நிதி அளித்தது. தமிழ்ப் பணியில் காலவாக்கம் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியும் பங்கேற்றது. பதிவு செய்த பேச்சை இந்திய மொழிகளுக்கு ஏற்ப அசைகளாகப் பிரித்து இணைக்கும் முறையும், புள்ளியியல் முறையும் கையாளப்பட்டன. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஃபெஸ்டிவல் கட்டமைப்பு அடிப்படையானது. ஓர்க்காவுடனும், விண்டோஸில் இயங்கும் என்.வி.டி.ஏ.வுடனும் இக்குரல்கள் இணைக்கப்பட்டன. நாவலோ பாடநூலோ நீண்ட நேரம் கேட்க இவ்வகைக் குரல் இதமானது. பட்டியல்களில் தாவித் தேட இ-ஸ்பீக்கே கைகொடுக்கும்.

எழுத்தும் ஒலியும்

குரல் எதுவானாலும் தமிழ் எழுத்துமுறை ஒரு சோதனைதான். ‘ப’ என்னும் ஓரெழுத்து ‘பல்’லில் வல்லொலி, ‘பம்பர’த்தின் நடுவில் மெல்லினத்தை அடுத்து மென்மையாகிறது. இதற்கு விதி எழுதிவிடலாம். ‘பல்ப்’, ‘பஸ்’, ‘குரு’, ‘காந்தி’ போன்ற சொற்களுக்கு அந்த விதி உதவாது. ‘பாவம்’ பழிச்செயலா, முகபாவமா என்பதைச் சூழலே சொல்லும். கோபாலபுரத்தின் முதலெழுத்தும் மயிலாப்பூர்க் கச்சேரி சாலையின் முதலெழுத்தும் எழுத்தில் ஒரே இனம், ஒலியில் வேறு.

புள்ளியும் தொல்லை தரும். ‘தி. நகர்’ என்பதில் வரும் புள்ளியை வாக்கிய முடிவாகக் கொள்ளும் கருவி அங்கே மூச்சு விட்டு நிற்கும். பெசன்ட் நகரில் நூலகம் கொண்டுள்ள உ.வே.சா. அதன் வாயில் மூன்று வாக்கியங்கள் ஆகிவிடுவார்! ‘12-ஆம்’ என்பதைப் ‘பன்னிரண்டாம்’ எனச் சேர்த்து வாசிக்கவும் தனியே கற்பிக்க வேண்டும்.

ஒருங்குறி அல்லாத பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடக்குறிப்புகளை எந்தக் குரலும் வாசிக்காது. கணினிக்கு அவை ஆங்கில எழுத்துக் குவியலே. முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக் கொடுப்பது ஆசிரியரின் கடமை.

திருத்தும் வழி

ஓர்க்காவின் விருப்பத்தேர்வுகளில் உச்சரிப்பு அகராதி ஒன்று உண்டு. எழுத்தில் உள்ள சொல்லை ஒருபுறமும், ஒலிக்க வேண்டிய வடிவை மறுபுறமும் தரலாம். இத்திருத்தம் அந்தப் பயனரின் கணக்குக்கு மட்டுமே உரியது. கல்லூரி ஆய்வகக் கணினிக்கு உடன் வராது. எல்லாருக்கும் பயன்பட வேண்டுமானால் இ-ஸ்பீக் என்.ஜி.யின் தமிழ் விதிக் கோப்பிலும் விலக்குச் சொற்பட்டியலிலும் சேர்க்க வேண்டும். இரண்டும் சாதாரண உரைக் கோப்புகள். ஒலிக்குறிகளைக் கற்றுக்கொண்டால், நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியரும் சொற்களைச் சேர்த்துத் திட்டக்குழுவுக்கு அனுப்பலாம். ஏற்கப்பட்டவை அடுத்த வெளியீட்டில் வரும். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை வைத்திருக்கும் கணினிகள் இன்னும் சில காலம் காத்திருக்க வேண்டியிருக்கும்.