புகைக்குழாயில் எந்த இடம்?



கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும்போது மாவனல்லையைத் தாண்டியதும் வீதி மேலே ஏறத் தொடங்கும். வளைவுக்கு வளைவு எஞ்சினின் சத்தம் கனக்கும். வழியில் பாறையைக் குடைந்த வாசல் தெரியும். இன்னும் ஏறினால் கடுகண்ணாவை. கப்டன் டோசன் என்ற பொறியியலாளரின் மேற்பார்வையில் 1820களில் அமைக்கப்பட்ட வீதி இது. 1829இல் அவர் இறந்துபோக, அவர் நினைவாக 1832இல் கட்டிய கோபுரம் கணவாயின் உச்சியில் இன்றும் நிற்கிறது.

டோசன் காலத்தில் இந்த ஏற்றத்தில் மாடுகளும் குதிரைகளும் மூச்சு வாங்கின. இன்று மூச்சு வாங்குவது கார் எஞ்சின். அதுவும் நம்மைப்போல ஒட்சிசனை உள்ளே இழுத்துத்தான் வேலை செய்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 9000 லீற்றர் காற்று வேண்டும்! நிறையில் சொன்னால், 1 கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் காற்று. காற்று குறைந்தால் பெற்றோல் அரைகுறையாக எரிந்து வீணாகும். நச்சு வாயுவான காபனோரொட்சைட்டும் கூடும். காற்று அளவுக்கு மிஞ்சினால் எஞ்சின் வலு இழந்து திணறும்.

காற்றின் அளவு சரியா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு ஒரு வழி பழைய ரயில்களில் இருந்தது. கடுகண்ணாவைப் புகையிரத அருங்காட்சியகத்தில் பழைய நீராவி எஞ்சின்களைப் பார்க்கலாம். 1867இல் கண்டிக்கு ரயில் வந்த நாளிலிருந்து பல்லாண்டுகளாக இந்த மலையில் ஏறியவை அத்தகைய எஞ்சின்கள்தான். 45 அடி முன்னே போனால் 1 அடி மேலே ஏறும் பாதை இது. நிலக்கரி போடும் ஊழியர் அடிக்கடி புகைபோக்கியைப் பார்த்துக்கொள்வார். புகை கன்னங்கரேலென்று வந்தால் நெருப்புக்குக் காற்றுப் போதவில்லை என்று அவருக்குத் தெரியும். உள்ளே நடப்பதை வெளியே வரும் புகை சொல்லிவிடும்.

இன்றைய பெற்றோல் கார்களிலும் இதே தந்திரம்தான். ஆனால் பார்ப்பது கண் அல்ல, ஒட்சிசன் சென்சர். பெரிய திருகாணிபோல் இருக்கும் இதன் நுனி புகைக்குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நுனியில் சேர்க்கோனியம் ஒட்சைட்டால் ஆன சிறிய பீங்கான் குப்பி. அதன் இரு பக்கமும் மெல்லிய பிளாற்றினப் பூச்சு. குப்பியின் உட்புறத்தில் வெளிக்காற்று. அதில் 21 சதவீதம் ஒட்சிசன். வெளிப்புறத்தில் எரிந்து வந்த புகை. இரு பக்கமும் ஒட்சிசன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். புகையில் ஒட்சிசன் ஏறக்குறைய இல்லையென்றால் 0.9 வோல்ற், மிச்சம் இருந்தால் 0.1 வோல்ற். காரின் கணினி இதைப் பார்த்து, அடுத்த முறை தெளிக்கும் பெற்றோலைக் கூட்டும் அல்லது குறைக்கும். 1976இல் வொல்வோ கார்களில் இது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. தயாரித்தது ஜெர்மனியின் பொஷ் நிறுவனம்.

சரி, இந்தச் சென்சரைப் புகைக்குழாயில் எங்கே பொருத்தலாம்? குழாய்தான் நீளமாக இருக்கிறதே, எங்காவது வைத்தால் போதாதா? போதாது!

காரின் வால்பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? அந்தப் பீங்கான் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். புகையோ குழாய் வழியே போகப்போக ஆறிவிடும். இன்னொரு சிக்கல், தாமதம். எஞ்சினில் நடந்தது வால்பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் அடுத்தடுத்த சுற்றுகள் பல எரிந்து முடிந்திருக்கும். பழைய செய்தியை நம்பிக் கணினி பெற்றோலைத் திருத்தினால் திருத்தமே பிழையாகும்.

அப்படியானால் எஞ்சினோடு ஒட்டியே வைத்துவிடலாமா? நான்கு சிலிண்டர் எஞ்சினில் நான்கு குழாய்கள் தனித்தனியே புறப்பட்டு ஒன்றாகச் சேரும். அவற்றில் ஒன்றில் மட்டும் சென்சரை வைப்பது, ஒரு மாணவியின் கொப்பியை மட்டும் பார்த்துவிட்டு வகுப்பு முழுவதற்கும் புள்ளி போடுவதுபோல. மற்ற மூன்று சிலிண்டர்களில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அளவுக்கு மீறிய சூட்டில் பீங்கானும் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால்தான் நான்கு குழாய்களும் ஒன்றுசேரும் இடத்தை அடுத்து முதல் சென்சரைப் பொருத்துகிறார்கள். எல்லாச் சிலிண்டர்களின் புகையும் அங்கே வந்து கலக்கும், சூடும் இருக்கும், செய்தியும் புதிது. காலையில் எஞ்சினை இயக்கியதும் பீங்கான் விரைவாகச் சூடேற, 1980களிலிருந்து சென்சருக்குள்ளேயே சிறிய மின்சூடாக்கியையும் வைக்கிறார்கள்.

குழாயின் எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். கடுகண்ணாவையின் குளிர்காலையில் ஒரு காரை இயக்கும்போது, எட்ட நின்று அதன் புகைக்குழாய் நுனியைக் கவனியுங்கள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். பெற்றோலில் உள்ள ஐதரசன் எரிந்து உண்டான நீர் அது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ 900 மில்லிலீற்றர் நீர் உண்டாகும்! எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது குழாயின் அடியில் இந்த நீர் தேங்கும். சூடான பீங்கானில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விழும். ஆகவே சென்சரைக் குழாயின் மேற்பாதியில், நுனி கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்படி பொருத்துவார்கள்.

இடம் சரியாக இருந்தும் சென்சர் ஏமாறுவதுண்டு. அதற்கு முன்னால் குழாயில் ஓட்டை விழுந்தால், புகை விட்டு விட்டு வரும் இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே நுழையும். 'ஒட்சிசன் மிச்சம்!' என்று சென்சர் சொல்லும். கணினியும் நம்பிப் பெற்றோலைக் கூட்டும். எஞ்சினில் எந்தப் பிழையும் இல்லாமலே பெற்றோல் கரையும். ஈயம் கலந்த பெற்றோலும் இதற்கு எதிரி. ஈயம் பிளாற்றினத்தின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். நல்ல வேளையாக, இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது.

இப்போது நம் மலைக்கு வருவோம். கடுகண்ணாவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். இங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் பெற்றோலையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். உள்ளே வரும் காற்றை அளக்க வேறு சென்சர்கள் உண்டு. அவை போடும் கணக்கு சரியா என்று இறுதியில் சரிபார்ப்பது ஒட்சிசன் சென்சர்தான். ஆனால் ஏற்றத்தில் சாரதி அக்சிலரேற்றரை முழுதாக மிதித்தால், பல கார்களில் கணினி இந்தச் சென்சரின் பேச்சைச் சற்று நேரம் ஒதுக்கிவைத்து, வலுவுக்காகப் பெற்றோலை வேண்டுமென்றே கூட்டிக் கொடுக்கும்.

மூளைக்கு வேலை

1. மாவனல்லைப் பக்கம் இறங்கும் கார். சாரதி அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டார், கியரிலேயே உருள்கிறது. சென்சர் கிட்டத்தட்ட 0 வோல்ற் காட்டுகிறது. பழுதா?

2. புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சர் உண்டு. முதலாவதின் மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க, இரண்டாவதினது பெரிதாக அசையாமல் இருப்பதே வழக்கம். ஒரு காரில் இரண்டும் ஒரே மாதிரி ஏறி இறங்குகின்றன. எது பழுது?

விடைகள்: (1) பழுதில்லை. இறக்கத்தில் கணினி பெற்றோலை நிறுத்திவிடும். குழாயில் வருவது வெறும் காற்று. (2) பெரும்பாலும் கொன்வேட்டர். அது ஒட்சிசனைப் பிடித்துவைத்துப் பயன்படுத்தாததால் உள்ளே போன புகை அப்படியே வெளியே வருகிறது. பல கார்களில் இரண்டும் ஒரே வகைச் சென்சர்தான். முன்னால் வைத்தால் எஞ்சினைச் சோதிக்கும், பின்னால் வைத்தால் கொன்வேட்டரைச் சோதிக்கும்.