மேசைக் கணினியின் எதிர்பாராத மீள்தொடக்கம்

எதிர்பாராத மீள்தொடக்கம் என்பது பயனரின் கட்டளையின்றியே கணினி தன் இயக்கத்தை நிறுத்தி மீண்டும் தொடங்குவதைக் குறிக்கும். இது தனியொரு பழுது அன்று. பல்வேறு பழுதுகளுக்குப் பொதுவான அறிகுறி ஆகும். இதனால் சேமிக்கப்படாத ஆவணங்கள் அழியும். வன்தட்டில் எழுதும் வேளையில் நிகழ்ந்தால் கோப்புகளும் சிதையக்கூடும். காரணம் அறியாமல் பாகங்களை மாற்றுவதும் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதும் வீண் செலவாக முடிவதுண்டு. எனவே முக்கியமான கோப்புகளைப் படியெடுத்து வைத்த பின்னர், பழுது வன்பொருளிலா மென்பொருளிலா எனப் பிரித்தறிவதே முதற்படியாகும்.

வன்பொருள் காரணங்கள்

மேசைக் கணினிகளில் பரவலாக உள்ள ஏடிஎக்ஸ் வகை மின்வழங்கி, 3.3, 5, 12 வோல்ட் ஆகிய நேர்மின்னழுத்தங்களைத் தருகிறது. இவை 5 விழுக்காட்டுக்கு மேல் மாறுபடலாகாது. அதாவது 12 வோல்ட் தடம் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருத்தல் வேண்டும். மின்னழுத்தங்கள் சீராக இருப்பதை, மின்வழங்கி ஒரு தனிக் கம்பி வழியே தாய்ப்பலகைக்குத் தொடர்ந்து அறிவிக்கும். இச்சைகை நின்றால் தாய்ப்பலகை செயலியை நிறுத்திவிடும். சைகை திரும்பியதும் கணினி முதலிலிருந்து தொடங்கும். திறன் போதாத அல்லது பழைய மின்வழங்கி, விளையாட்டு போன்ற மிகுசுமை வேளைகளில் இவ்வாறு தடுமாறும்.

மின்சாரம் தடைப்பட்டால் மின்வழங்கி தாக்குப்பிடிக்கும் நேரம் பொதுவாக 16 அல்லது 17 மில்லிசெக்கன்களே. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லிசெக்கன் ஆகும். ஆகவே விளக்கு ஒருமுறை மங்கி எரியும் நேரத்திலேயே கணினி மீளத் தொடங்கக்கூடும்.

2000களின் முற்பகுதியில் தயாரான பல தாய்ப்பலகைகளில், தரமற்ற மின்பகு திரவம் கொண்ட மின்தேக்கிகள் உப்பியும் கசிந்தும் பழுதடைந்தன. உருளை வடிவ மின்தேக்கியின் தட்டையான மேற்பகுதி புடைத்திருப்பது இதன் அடையாளம் ஆகும்.

நினைவகப் பழுதும், உள்ளே சிக்கிக்கொண்ட மீள்தொடக்கப் பொத்தானும் பிற காரணங்கள் ஆகும். செயலி மிகையாகச் சூடேறினால் முதலில் வேகம் குறையும். மேலும் சூடேறினால் கணினி பெரும்பாலும் மீளத் தொடங்காமல் முற்றாக அணைந்துவிடும்.

மென்பொருள் காரணங்கள்

2001 இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, கடும் பிழை ஏற்பட்டால் தானாக மீளத் தொடங்கும்படி இயல்பாகவே அமைக்கப்பட்டிருந்தது. பிழையைத் தெரிவிக்கும் நீலத்திரை கண்ணிமைக்கும் நேரத்தில் மறைந்ததால், பலர் அதனை மின்சாரக் கோளாறு எனக் கருதினர். பிந்தைய பதிப்புகளிலும் இவ்வமைப்பு உள்ளது. டிரைவர் எனப்படும் சாதன இயக்கி மென்பொருளின் வழுக்கள் இத்தகைய பிழைகளுக்கு முக்கிய காரணமாகும்.

2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, விண்டோஸ் எக்ஸ்பியின் சேவை ஒன்றை முடக்கியது. இதனால் 60 நொடிகளில் கணினி அணையும் என்ற அறிவிப்பு தோன்றிக் கணினி மீளத் தொடங்கியது. இந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை நிறுவாத கணினிகளே பாதிப்புக்குள்ளாயின.

கண்டறியும் முறை

1. மீள்தொடக்கம் எப்போது நிகழ்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மின்விளக்கு மங்கும்போதா, விளையாடும்போதா, குறிப்பிட்ட மென்பொருளைத் திறக்கும்போதா என்பது தேடலைச் சுருக்கும்.
2. விண்டோஸின் ‘ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி’ அமைப்பில், தானாக மீளத் தொடங்கும் தெரிவை நீக்க வேண்டும். அதன்பின் நீலத்திரை நிலைத்து நின்றால் அதிலுள்ள பிழைக்குறியீடு துணைபுரியும். திரை எதுவும் தோன்றாமல் மீளத் தொடங்கினால் மின்வழங்கியை ஐயுறலாம்.
3. கணினியை பயாஸ் அமைப்புத் திரையிலேயே சிறிது நேரம் விட்டுவைக்க வேண்டும். அங்கும் மீளத் தொடங்கினால் இயங்குதளம் காரணம் அன்று. அங்கு நிகழாவிடினும் வன்பொருள் நலமாக உள்ளது எனத் துணிய முடியாது. ஏனெனில் அத்திரையில் சுமை குறைவு.
4. மீள்தொடக்கப் பொத்தானின் கம்பியைத் தாய்ப்பலகையிலிருந்து கழற்றிப் பார்க்கலாம்.
5. நினைவகப் பலகைகள் பல இருப்பின், ஒவ்வொன்றாகப் பொருத்தி மெம்டெஸ்ட்86+ போன்ற மென்பொருளால் சோதிக்கலாம்.
6. இறுதியாக, நன்கு இயங்கும் வேறொரு மின்வழங்கியை இணைத்துப் பார்க்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்தல் வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால், பழுது நீங்கினாலும் அதன் காரணம் தெரியாமலே போகும்.

விண்டோஸ் 7 முதலான பதிப்புகளின் நிகழ்வுப் பதிவில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற குறிப்பு காணப்படலாம். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதையே இது தெரிவிக்கிறது. இதை மட்டும் கொண்டு மின்வழங்கி பழுது என முடிவு செய்தல் தவறு.

முன்னெச்சரிக்கை

கணினிப் பெட்டியைத் திறக்கும் முன் மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். மின்வழங்கியின் உறையைப் பயனர் திறக்கலாகாது. 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் மின்வழங்கியின் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். இணைப்பைத் துண்டித்த பின்னும் அது சிறிது நேரம் எஞ்சியிருந்து உயிருக்கு ஆபத்தை விளைவிக்கலாம்.