குடியை நிறுத்த ஒரு கூட்டம்: நெல்லையில் எங்கே, எப்படிப் போவது?

"குடியை விடணும்தான். ஆனா கூட்டத்துக்குப் போறதை யாராவது பார்த்துட்டா?" பாளையில் தும்மினால் டவுனில் கேட்கும் ஊரில் இந்தப் பயம் நியாயமானதே. ஆனால், 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்', சுருக்கமாக ஏ.ஏ., என்ற பெயரிலேயே பதில் இருக்கிறது. அனானிமஸ் என்றால் அடையாளத்தை வெளியிடாதவர். முழுப்பெயர் சொல்லத் தேவையில்லை. 'குளோஸ்டு மீட்டிங்' குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். அங்கே உங்களைப் பார்ப்பவரும் அதே காரணத்துக்காக வந்தவர்தான். 'ஓபன் மீட்டிங்' என்றால் குடும்பத்தினரும் வரலாம். மனைவி, பெற்றோருக்கென்றே 'அல்-அனான்' தனியாக உண்டு.

1935-ல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில், குடியோடு போராடிய ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தொடங்கியது ஏ.ஏ. கட்டணம் கிடையாது, நிறுத்தும் விருப்பம் போதும்.

கூட்டங்களை ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் தேடலாம். இடமும் நேரமும் மாறும் என்பதால் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நேரம் தோதுப்படாவிட்டால் ஆன்லைன் கூட்டங்கள் இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகம் குடிப்பவர் 'இன்னையோட விட்டாச்சு' எனச் சட்டென நிறுத்துவது ஆபத்து. முதல் 2, 3 நாட்களில் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிரே போகலாம். ஏ.ஏ.வில் மருத்துவ சிகிச்சை கிடையாது. இவர்கள் முதலில் போக வேண்டியது ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416. வலிப்பு வந்துவிட்டால் யோசிக்காமல் 108.